மணத்திற்குச் சாட்சி யார்? – ஒரு சிந்தனை

எமது சைவத் திருமணக் கிரியைகளைக் கூர்ந்து நோக்குவோருக்கு ஒன்று புலப்படும். அவற்றின் பெரும்பகுதி சாட்சி வைப்பதிலேயே கழிகின்றது. அக்கினி சாட்சி, நட்டு வைத்த அரசாணிக்கால் சாட்சி, நிறைகுடமும் குத்துவிளக்கும் சாட்சி. பட்டப்பகலில் கண்ணுக்குத் தெரியாத அருந்ததியைக்கூட வாசலுக்கு அழைத்துச் சென்று காட்டிச் சாட்சியாக்கி விடுகிறோம். தாலியைத் தட்டில் வைத்துச் சபையெங்கும் கொண்டுசென்று பெரியோர்கள் தொட்டு ஆசி வழங்கச் செய்வதும் இதற்காகவே. தொட்டவர் ஒவ்வொருவரும் பின்னொரு நாளில் யாராவது கேட்டால் "நான் கண்டேன்" என்று சொல்லக் கடமைப்பட்டவராகிறார். இவை போதாதென்று, 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவாளர் முன்னிலையில் இரண்டு பேர் சாட்சிக் கையொப்பமும் இடுகின்றனர்.

இத்தனை சாட்சிகளும் போதாமற்போகும் இடமொன்று இருக்கிறது. மாப்பிள்ளை கனடாவிலோ இலண்டனிலோ இருந்தால், பெண் தூதரகத்தின் மேசைக்கு முன்னால் அமர வேண்டிய ஒரு நாள் வருகின்றது. எதிரே இருக்கும் அதிகாரிக்குப் பதிவுச் சான்றிதழில் சந்தேகமில்லை. திருமணம் நடந்தது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். அது உண்மையான திருமணமா என்பதே அவருடைய கேள்வி. கேட்டு முடித்த பின்னர் "முடிவைப் பிறகு அறிவிப்போம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அந்தப் "பிறகு" சில மாதங்களாகவும் இருக்கலாம், சில வருடங்களாகவும் இருக்கலாம்.

இக்கட்டுரை அந்த இடைக்காலத்தைப் பற்றியது. அக்காலத்தில் அந்தப் பெண் யார்? அவளுடைய திருமணம் ஏற்கெனவே உண்மையாகி விட்டதா, அல்லது கடிதம் வந்த பின்னர்தான் உண்மையாகப் போகின்றதா? (காத்திருக்கும் ஆண்களும் உண்டு. எனினும் எமது ஊர்களில் பெரும்பாலும் பெண்களே காத்திருப்பதால் பெண் என்றே எழுதுகிறேன்.)

அதிகாரியின் கேள்வியை நாம் எடுத்த எடுப்பிலே பழிக்கத் தேவையில்லை. எம்மவரிடையே பணம் கொடுத்துச் செய்யப்பட்ட "பேப்பர் கலியாணங்கள்" உண்டென்பதை யாவரும் அறிவோம். விமான நிலையத்தில் இறங்கிய கையோடு தன் வழியே போனவர்கள் இருக்கிறார்கள். ஸ்பொன்சர் செய்து அழைத்துச் சென்றபின் கைவிடப்பட்ட பெண்களும் இருக்கிறார்கள். பொய்யான தம்பதி ஒவ்வொன்றும், வரிசையில் தமக்குப் பின்னால் நின்ற மெய்யான தம்பதியின் தலையில் ஒரு பிடி சந்தேகத்தை இறக்கி வைத்துவிட்டே உள்ளே சென்றது. இதைச் சொல்லாமல் வெள்ளைக்காரனை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது.

மேலும், மணத்திற்குச் சாட்சி கேட்டு வழக்காடிய கதை எமக்குப் புதியதுமன்று. கோவில்களில் புராணபடனம் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் திருவிளையாடற் புராணத்தின் கடைசிப் படலமாகிய "வன்னியும் கிணறும் இலிங்கமும் அழைத்த படலம்" நினைவிருக்கும். கடற்கரைப் பட்டினத்து வணிகன் ஒருவன் தன் ஒரே மகளை மதுரையிலிருக்கும் மருமகனுக்கென்று உறவினரிடம் சொல்லிவைத்து இறந்துபோகிறான். மருமகனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. அவன் வந்து பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்படுகிறான். சுற்றத்தார் முன்னிலையில் மதுரையில் மணம் முடிக்கலாம் என்பது அவன் எண்ணம். வழியில் திருப்புறம்பயத்தில் தங்கிய இரவில் அவனைப் பாம்பு தீண்டிவிடுகிறது. அவள் அழுகிறாள். எந்த உறவைச் சொல்லி அழுவது? தாலி ஏறவில்லை, ஆனால் வீட்டைவிட்டு அவனை நம்பிப் புறப்பட்டாயிற்று. அங்கே எழுந்தருளியிருந்த திருஞானசம்பந்தப் பிள்ளையார் அவனை உயிர்ப்பித்து, இங்கேயே இவளை மணந்துகொள் என்கிறார். அருகில் நின்ற வன்னி மரமும் கிணறும் சிவலிங்கமும் சாட்சியாக மணம் நடக்கின்றது. பின்னாளில் மதுரையில் மூத்தவளுக்கும் இளையவளுக்கும் சண்டை மூண்டபோது மூத்தவள் கேட்கிறாள்: உன் கலியாணத்திற்கு யார் சாட்சி? இளையவள் மூன்றையும் சொல்ல, அவை வந்து சொல்லட்டும் பார்ப்போம் என்று மூத்தவள் நகைக்கிறாள். அவளுடைய வேண்டுதலுக்கு இரங்கி அவை மூன்றும் மதுரைத் திருக்கோவிலின் ஈசான மூலையில் வந்து நின்றன என்பது வரலாறு.

மூத்தவளின் கேள்வியும் அதிகாரியின் கேள்வியும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவை ஒன்றல்ல. மூத்தவள் கேட்டது "நடந்ததா?" என்று. அதற்குக் கண்டவர் சாட்சி சொல்லலாம், மரமும் கிணறும்கூடச் சொல்லலாம். அதிகாரி கேட்பது "எதற்காக நடந்தது?" என்று. அதற்கு எந்த வன்னி மரமும் சாட்சி சொல்ல முடியாது. மணவறையில் அமர்ந்திருந்த இருவரின் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை அக்கினியும் அருகிலிருந்து பார்க்கவில்லை.

கனடிய நாட்டின் ஒழுங்குவிதியை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு கூறுகள் உள்ளன. திருமணம் முதன்மையாகக் குடிவரவு உரிமையைப் பெறும் நோக்கத்துடன் செய்யப்பட்டதா என்பது ஒன்று. அது மெய்யானதா என்பது மற்றையது. 2010 செப்டெம்பர் இறுதிவரை இவ்விரு கூறுகளுக்கும் இடையில் "மற்றும்" என்ற சொல் இருந்தது. அதாவது ஒரு தம்பதியை நிராகரிக்க வேண்டுமாயின் இரண்டு குறையும் காணப்பட வேண்டும். அதன் பின்னர் அந்த இடத்தில் "அல்லது" வந்து அமர்ந்தது. இப்போது ஒரு குறை போதும். முதற்கூறு இறந்தகாலத்தில் கேட்கிறது, இரண்டாவது நிகழ்காலத்தில் கேட்கிறது. எனவே இன்று மனமொத்து வாழ்கின்ற ஒரு தம்பதியையும், "அன்று நீங்கள் எதை நினைத்துத் தாலி கட்டினீர்கள்?" என்ற கேள்வியினால் விலக்கிவிட முடியும். பிரித்தானியாவிலும் "முதன்மை நோக்கம்" என்ற இத்தகைய விதியொன்று பல ஆண்டுகள் இருந்து, 1997 யூனில் கைவிடப்பட்டது.

முதன்மை நோக்கம் எது என்பதை யார் சொல்வது? எங்கள் ஊர்த் திருமணம் எதிலும் ஒரேயொரு நோக்கம் இருந்ததில்லை. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்று சொல்லி உத்தியோக மாப்பிள்ளை தேடிய தகப்பன்மார் பென்சனையும் சேர்த்தே பார்த்தார்கள். மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்களுக்குப் பெண் கொடுத்துக் கப்பலேற்றிய காலத்தில், அந்தப் பெண்ணிடம் "மாப்பிள்ளையையா விரும்பினாய், மலாயாவையா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திராது. அப்படிப்பட்ட திருமணங்களில் பிறந்து வளர்ந்தவர்களே எங்களிற் பலரின் பாட்டன் பாட்டிமார். அவை பொய்யான திருமணங்கள் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? போர்க்காலத்தில் பிள்ளை உயிரோடு இருந்தாற் போதுமென்று வெளிநாட்டுச் சம்பந்தம் தேடிய தாயின் நோக்கத்தையும் நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஒருவர் எதற்காக ஒரு வீட்டினுள் நுழைந்தார் என்பதும், நுழைந்தபின் அவ்வீட்டில் எப்படி இருக்கிறார் என்பதும் வேறு வேறு.

திருமணம் என்பது எதிர்காலத்தைப் பற்றிய ஒரு சொல். "இருப்பேன்" என்பதே அதன் சாரம். "இருப்பேன்" என்று சொன்னவர் மெய் சொன்னாரா என்பதை அவர் இருந்து காட்டிய பின்புதான் அறியலாம். அரசுகளும் இதை அறியாதவையல்ல. ஐக்கிய அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம், புதிதாக மணமானவர்களுக்கு இரண்டு வருட நிபந்தனையுடனேயே வதிவுரிமை வழங்கியது. கனடாவும் 2012 ஒக்டோபரில் பல தம்பதிகளுக்கு இரண்டு வருடம் சேர்ந்து வாழவேண்டும் என்ற நிபந்தனையை விதித்துப் பார்த்தது. நடந்தது என்ன? அடிக்கும் கணவனிடமிருந்து விலகினால் நாட்டிலிருந்தும் விலக வேண்டுமோ என்று பயந்து பெண்கள் பொறுத்துக்கொண்டு இருந்துவிடும் அபாயம் சுட்டிக்காட்டப்பட்டது. 2017 ஏப்ரிலில் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. மெய்மையை நிரூபிக்கச் சொல்லி வைத்த காலம், மெய்யில்லாத ஒன்றைச் சகித்துக்கொள்ளும் காலமாக மாறக்கூடியதாயிருந்தது.

நிரூபிக்கச் சொன்னால் எங்கள் ஆட்கள் நிரூபிக்கத்தான் பார்ப்பார்கள். கலியாண அல்பம் வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்கென்று இருந்த காலம் போய், கோப்பில் சேர்க்கும் ஆவணமாயிற்று. மானிடவியலாளர் சிதார்த்தன் மௌனகுரு எமது கடல்கடந்த திருமணங்களைப் பற்றி 2019இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். தோளில் கை போடத் தயங்கும் மாப்பிள்ளையைப் படப்பிடிப்பாளர் அதட்டிக் கை போடவைப்பதை நாமும் கண்டிருக்கிறோம். பழைய ரெலிபோன் பில்லுகளைக் கட்டி வைத்தார்கள். இப்போது வட்ஸ்அப் உரையாடல்களை அச்சிட்டு வைக்கிறார்கள். நேர்முகத்திற்கு முதல் வாரம் மாப்பிள்ளையின் சம்பளம், வேலைத்தல முகவரி, மச்சாள்மாரின் பெயர்கள் என எல்லாவற்றையும் பெண் பாடமாக்குகிறாள். இங்கே எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் எழுவதுண்டு. உண்மையைப் பாடமாக்கி ஒப்பித்தால் அது உண்மை சொல்வதாகுமா? ஆகும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதை ஒப்பிக்கும்போது அவள் குரல் பொய் சொல்பவளின் குரல்போலவே இருக்கும் என்பதுதான் துயரம்.

சோதிப்பவருக்கும் எல்லை தெரியாமற் போவதுண்டு. 1979 ஜனவரியில், மணம் முடிப்பதற்காக இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவர், தாம் மணமாகாதவர் என்பதை உறுதிப்படுத்துவதற்கென மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார். கார்டியன் பத்திரிகை அதனை வெளிப்படுத்திய பின்னரே அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. சந்தேகத்தைக் கடமையாகக் கொண்டவர்கள் எங்கே நிற்பது என்று தமக்குத் தாமே ஒரு கோடு கீறிக்கொள்ள வேண்டும். பிறர் கீறிக் கொடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

இன்னும் சில தடைகள் திருமணத்தின் மெய்யோடு தொடர்பே இல்லாதவை. ஜேர்மனிக்குச் செல்லும் வாழ்க்கைத்துணை அடிப்படை ஜேர்மன் மொழி கற்றிருக்க வேண்டும் என்பது 2007 ஓகஸ்ட் முதல் வந்த விதி. பிரித்தானியாவில் அழைப்பவரின் ஆண்டு வருமானம் 18,600 பவுண் இருக்க வேண்டும் என்று 2012இல் விதித்தார்கள். 2024 ஏப்ரிலில் அது 29,000 ஆயிற்று. இவற்றைப் பற்றி இங்கு விரிக்கவில்லை. படித்தும் உழைத்தும் கடக்கக்கூடிய தடைகள் மனத்தை அரிப்பதில்லை. "உன்னை நம்பவில்லை" என்ற தடையே அரிக்கின்றது.

காத்திருத்தல் என்றால் வீட்டில் சும்மா இருத்தல் என்று வெளியிலிருப்போர் எண்ணலாம். எமது பெண்கள் காத்திருந்த இடங்கள் அப்படிப்பட்டவையல்ல. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பின்னர், நேர்முகத்திற்குக் கொழும்பு செல்வதற்கே படையினரின் பயண அனுமதிக்காகக் காத்திருந்து, பின்னர் கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்திருக்க வேண்டியதாயிற்று. போய்ச் சேர்ந்தவர்கள் திரும்பி வந்தால் மறுபடி போக முடியாதே என்று அங்குள்ள லொட்ஜுகளிலேயே மாதக்கணக்கில் தங்கினார்கள். 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில் அந்த லொட்ஜுகளிலிருந்து 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாப் பக்கம் அனுப்பப்பட்டனர். "கொழும்பில் தங்கத் தக்க காரணமில்லாதவர்கள்" என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. லொட்ஜுகளில் இருந்தவர்களுள் வைத்தியத்திற்கு வந்தவர்களும் வேலை தேடி வந்தவர்களும் இருந்தனர். வெளிநாடு செல்வதற்கு ஒரு கடிதத்தை எதிர்பார்த்திருந்தவர்களும் இருந்தனர். காத்திருத்தல் ஒரு தக்க காரணமாக எவருடைய பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

இனி எங்கள் பக்கத்திற்கு வருவோம். அதிகாரிக்கு அவளைத் தெரியாது. அவர் சந்தேகப்படுவதில் ஓரளவு நியாயமுண்டு. தாலியைத் தொட்டு ஆசி வழங்கிய எங்களுக்கு என்ன நியாயம்? கோவில் வீதியில் அவளைக் காண்கின்ற ஒவ்வொருவரும் "பிள்ளை, பேப்பர் வந்திட்டுதோ?" என்றுதான் கேட்கிறோம். ஆறு மாதத்தில் அன்பாகக் கேட்ட கேள்வி, ஒன்றரை வருடத்தில் வேறு தொனி எடுக்கின்றது. நிராகரிப்புக் கடிதம் வந்துவிட்டதென்று கேள்விப்பட்டால் "அதில ஏதோ பிழை இருக்குப் போல" என்று பெண்ணைப் பார்க்கிறோம். அக்கடிதம் சொல்வது இவ்வளவுதான்: எங்கள் நாட்டு விதிகளின் தேவைக்கு இவரை வாழ்க்கைத்துணையாகக் கொள்ள முடியாது. ஒரு நாடு தன் வாசலைப் பற்றிச் சொன்னதை நாங்கள் அவளுடைய வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பாக மொழிபெயர்த்துக் கொள்கிறோம். கனடாவில் அழைத்தவர் அதற்கு மேன்முறையீடும் செய்யலாம். எங்கள் ஊர்த் தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை.

இன்னொரு வழக்கமும் வந்திருக்கிறது. முதலில் "எழுத்து" மட்டும் முடித்துப் பேப்பரை அனுப்புவது, விசா வந்தபின் தாலி கட்டுவது. சிக்கனமும் வசதியும் கருதிச் செய்கிறார்கள். அதிலே தவறில்லை என்றே நெடுநாள் சொல்லி வந்தோம். ஆனால் அந்தப் பெண்ணின் நிலையைப் பாருங்கள். இலங்கைச் சட்டத்தில் அவள் முழு மனைவி. தேசவழமைப்படி தன் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாத அளவுக்கு மனைவி. வெளிநாட்டு அதிகாரிக்கு அவள் நிரூபிக்கப்படாத மனைவி. ஊராருக்கு இன்னும் கலியாணம் முடியாத பிள்ளை. விசா சரிவராமல் இரு வீட்டாரும் விலக நினைத்தால், விசா மறுக்கப்பட்டது என்பது விவாகரத்துக்கான காரணமாகச் சட்டத்தில் இல்லை. சோரம், கெட்ட எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த மாற்றமுடியாத ஆண்மைக்குறைவு ஆகிய மூன்றே அங்குள்ளன. எனவே எவரும் எவரையும் கைவிடாத ஒரு விவகாரத்தில், ஒருவர் மற்றவரைக் கெட்ட எண்ணத்துடன் கைவிட்டார் என்று மாவட்ட நீதிமன்றத்தில் சொல்ல வேண்டி வருகின்றது. உண்மையான திருமணம் என்று வெளிநாட்டவருக்குச் சத்தியம் செய்து அனுப்பிய அதே குடும்பம், அதை முடித்துவைக்க இங்கே பொய் சொல்கிறது. திருமணத்தைக் கடிதத்தில் தொங்கவிட்டதன் விலை இது.

திலகவதியார் வரலாற்றைச் சிலர் இவ்விடத்தில் எடுத்துக் காட்டுவார்கள். பெற்றோர் பேசிவைத்த கலிப்பகையார் போரில் இறந்ததும், தாம் அவருக்கே உரியவர் என்று அவர் இருந்துவிட்டார். தாலியோ எழுத்தோ இல்லாமல், சொன்ன சொல்லையே மணமாகக் கொண்ட வாழ்வு அது. ஆனால் அதை ஒருவரும் அவரிடம் கேட்டுப் பெறவில்லை. அவரே எடுத்த முடிவு அது. தம்பியாரை வளர்ப்பதென்ற ஒரு பணியும் அவர் கையிலே இருந்தது. அந்த வரலாற்றைச் சொல்லி இன்னொரு வீட்டுப் பிள்ளையை "பொறுத்திரு" என்பவர்கள், அவள் கையில் என்ன பணியைக் கொடுத்தார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

பெரும்பாலும் ஒன்றும் கொடுப்பதில்லை. இருப்பதையும் பறிக்கிறோம். "எந்த நேரமும் விசா வரலாம், இப்ப ஏன் வேலை?" என்று ஆசிரிய நியமனத்தை விடச் சொல்கிறோம். கம்பஸ் படிப்பைப் பாதியில் நிறுத்துகிறோம். கனடிய அரசு 2016 டிசெம்பரில் வாழ்க்கைத்துணை விண்ணப்பங்களைப் பெரும்பாலும் 12 மாதங்களில் முடிப்பதாக அறிவித்தது. பன்னிரண்டு மாதமென்றாலும் அது ஒருவருடைய வாழ்நாளில் ஒரு வருடம். அங்கே கணவன் வேலைக்குப் போகிறான், வீட்டுக் கடன் கட்டுகிறான், பனி அள்ளுகிறான். அவனும் காத்திருக்கிறான்தான், ஆனால் வாழ்ந்துகொண்டே காத்திருக்கிறான். இவளுக்கு மட்டும் வாழ்க்கை கடிதத்துக்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது. இதை ஒரு குடும்பத்தின் ஏற்பாடு என்று விட்டுவிட முடியாது. ஒருவருடைய காலத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்வது அது. "இருப்பேன்" என்ற சொல்லுக்கு இப்போதே செய்யக்கூடிய பொருள் ஒன்று இருக்கிறது. அவள் படிக்கட்டும், வேலைக்குப் போகட்டும் என்று அவன் சொல்லலாம். காணிச் சம்மதத்திற்கு அற்றோர்ணித் தத்துவம் எழுதி அனுப்பலாம். அவளுடைய தாய்க்குச் சுகமில்லை என்றால் இரவு இரண்டு மணிக்கும் எழுந்து பேசலாம். இவற்றுள் எதற்கும் தூதரகத்தின் அனுமதி தேவையில்லை. இவை நடக்கின்ற வீட்டில் திருமணமும் நடந்துகொண்டுதான் இருக்கின்றது.

மற்றொரு கேள்வியை நாம் கேட்பதேயில்லை. அவள் அங்கே போக முடியுமா என்றே எப்போதும் பேசுகிறோம். அவன் இங்கே வர முடியுமா என்பதில்லை. வரமுடியாதவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அகதியாக ஏற்கப்பட்டு வதிவுரிமை பெற்றவர் தாயகம் திரும்பினால் அந்த வதிவுரிமையையே இழக்கலாம் என்ற நிலை கனடாவில் 2012 டிசெம்பரில் வந்தது. திருச்சியிலும் சென்னையிலும் எங்கள் பிள்ளைகளின் திருமணங்கள் நடந்தது இத்தகைய காரணங்களினால்தான். ஆனால் குடியுரிமை பெற்று, ஆண்டுதோறும் திருவிழாவுக்கு வந்து, தேரிழுத்து, அன்னதானமும் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பெண்ணிடம் "முடிவு வந்ததா?" என்று கேட்பதை ஒருமுறை நிறுத்திவிட்டு, அவர்களிடம் "தம்பி, விசா வராட்டில் நீர் என்ன செய்வீர்?" என்று கேட்டுப் பார்க்கலாம். எழுத்துக்கு நாள் வைப்பதற்கு முன்னரே கேட்கலாம். சில வீடுகளில் பதில் உடனே வரும். சில வீடுகளில் "லைன் கிளியரில்லை" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுவார்கள்.